கமிட்டியில் கையெழுத்துப் போடும் முன்

சிறப்புப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் சேரச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறார்களா? தாராளமாகச் சேர், கண்ணு. ஆனால் ஆண்டு விழா மேடையில் பொன்னாடை வாங்கிக்கொள்ளும் பதவி என்று நினைத்துவிடாதே. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பகலில் நடந்ததை வீட்டில் வந்து சொல்லத் தெரியாது. அவர்களுக்காகக் கேள்வி கேட்கத்தான் கமிட்டி இருக்கிறது.

சம்மதம் சொல்வதற்கு முன்பே டிரஸ்ட் பத்திரம், கடைசி ஆடிட் அறிக்கை, மினிட்ஸ் புத்தகம் மூன்றையும் வாங்கிப் படி. எல்லாக் கூட்டமும் "ஏகமனதாக நிறைவேறியது" என்றே முடிந்திருந்தால், அங்கே யாரும் வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொள். காசோலையில் கையெழுத்துப் போடும் இருவரும் யார் என்று விசாரி. இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் அது ஒரு கையெழுத்துதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, இப்படிப்பட்ட நிறுவனத்தைப் பதிவுச் சான்று இல்லாமல் நடத்தக் கூடாது. அந்தச் சான்று எந்தத் தேதியோடு முடிகிறது என்று தாளாளரிடம் கேள். விடுதியும் இருந்தால் அதற்குத் தனி உரிமம் உண்டா என்றும் கேள்.

கட்டடப் பாதுகாப்பை "சர்டிபிகேட் இருக்கிறது" என்ற பதிலோடு விட்டுவிடாதே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓடக்கூடிய பிள்ளைகளே வெளியே வர முடியாமல் போன இடம் அது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஊழியரின் பெயர் எழுதிய பட்டியல் இருக்க வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்கு மணி அடித்துப் பயனில்லை, மின்னும் விளக்கு வேண்டும். வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமானால் முதல் தீர்மானமாக அதையே கொண்டு வா.

அடுத்தது, நான் அதிகம் கவலைப்படுவது. கழிப்பறைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவது யார்? பெண் பிள்ளைகளுக்கு ஆயா இருக்கிறாரா? வேனில் டிரைவரைத் தவிர இன்னொருவர் வருகிறாரா? பிள்ளையை நாற்காலியில் கட்டிப்போடும் வழக்கம் உண்டா? இதையெல்லாம் கூச்சப்படாமல் கேட்டு, பதிலை மினிட்ஸில் ஏற்றச் சொல். பேசாத பிள்ளையின் உடம்புதான் பேசும். நேற்று வரை ஆசையாக வேனில் ஏறியவன் இன்று அலறினால், அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வேண்டும், அதைப் படிக்க ஒரு ஆள் வேண்டும்.

ஊழியர் மீது பாலியல் புகார் வந்தால் கமிட்டியில் யாராவது ஒருவர், "பள்ளி பேர் கெட்டுவிடும், நாமே விசாரிப்போம்" என்பார். அதற்கு ஒருபோதும் தலையாட்டாதே. போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. 1098 குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு அறைச் சுவரிலும் இருக்கட்டும்.

சிறப்பாசிரியர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர்களா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார். சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். 'சேவை மனப்பான்மை' என்று சொல்லி அடிமாட்டுச் சம்பளம் கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர்கள் வருஷா வருஷம் மாறுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு முகம் பழகவே எத்தனை மாதம் ஆகும்! ஆனால் வகுப்புக்குள் போய் ஆசிரியருக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்காதே, அது தலைமை ஆசிரியரின் பொறுப்பு.

பணக் கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், நீ தேதிகளை மட்டும் விடாமல் கேள். 80ஜி நன்கொடை விவரத்தை மே 31க்குள் வருமான வரித்துறையில் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கினால் அதற்கான ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31க்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கமிட்டியில் பெற்றோர் ஒருவராவது இருக்கட்டும். அடுத்த மூன்று வருஷத்தில் 18 வயது நிறையும் பிள்ளைகளின் பட்டியலை முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கு. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்களுக்கு 18க்குப் பிறகு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலருக்கு விண்ணப்பிக்கலாம். இது பல பெற்றோருக்குத் தெரியாது. பட்டியலில் இருக்கும் வீட்டாரை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்து, படிவத்தைக் கையில் கொடுத்து, நிரப்பும்போதும் கூடவே உட்கார்.