செயின் சாவில் யாளி செதுக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

படங்கள் வந்தன. சாலையை அகலப்படுத்த வெட்டிய வாகையின் அடித்துண்டில், செயின் சாவை வைத்து யாளி முகம் எடுக்கத் தொடங்கியிருக்கிறாய். மரச்சிற்பத்துக்காக 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூரில் பிறந்த பிள்ளை உளியை விட்டுவிட்டு மரம் அறுக்கிற மிஷினைத் தூக்கலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்களாம். தாராளமாகத் தூக்கலாம். ஒரு வேலைக்கு வந்த கருவி இன்னொரு வேலைக்குப் போவது பழைய வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் பல் வைத்த சங்கிலியால் எலும்பை அறுத்தார்கள். 1926இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் மின்சாரத்தில் ஓடும் செயின் சாவை மரத்துக்குக் கொண்டுவந்தார். இன்று அமெரிக்காவின் ரிட்ஜ்வேயிலும் ரீட்ஸ்போர்ட்டிலும் செதுக்குகிறவர்கள் கூடி, அதே மிஷினால் கரடியும் கழுகும் எடுக்கிறார்கள்.

என் கவலை வேறு. மூன்றாவது படத்தில், செயின் சுற்றி ஓடும் தகடான பாரின் மூக்கால் யாளியின் கண்குழியைக் குடைகிறாய். அதுவும் மரம் வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் அகல மூக்கு பார். இதை உடனே நிறுத்து. மூக்கின் மேற்பாதி மரத்தில் பட்டால், அங்கே ஓடும் பல் மரத்தைக் கவ்விக்கொள்ளும். செயின் நிற்கும், அதன் வேகம் நிற்காது. மொத்த மிஷினும் உன் முகத்தை நோக்கி எகிறும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது, கையால் தடுக்க அவகாசமே கிடையாது. சிற்பிகளுக்கென்று தனி பார் உண்டு. அதன் மூக்கு ஒடுங்கியிருக்கும், அமெரிக்க நாணயங்களின் பெயரால் டைம், குவார்ட்டர் என்பார்கள். மூக்கு ஒடுங்க ஒடுங்க எகிறும் விசையும் குறையும், அதனால்தான் அதை வைத்துக் குடைய முடிகிறது. பாரை மட்டும் மாற்றினால் போதாது. அதற்கான சின்னப் பல் செயினும், செயினை ஓட்டும் பல்சக்கரமும் சேர்த்து மாற்ற வேண்டும். அவை கைக்கு வரும்வரை உடம்பையும் தாடையையும் மட்டும் வெட்டு, கண்ணுக்கு உளி இருக்கிறது. காதுக்கு மூடியும் காலுக்குப் பாதுகாப்புக் கால்சட்டையும் வாங்கு. அந்தக் கால்சட்டையின் உள்ளே இருக்கும் நார் பல்சக்கரத்தில் சுற்றி மிஷினையே நிறுத்திவிடும். மூக்கையும் கட்டிக்கொள். வாகைத் தூள் ஏறினால் தும்மல் நிற்காது.

அடுத்தது பல். 1946இல் அமெரிக்க மரவெட்டி ஜோசப் காக்ஸ், அடிமரத்தைத் துளைக்கும் ஒரு வண்டுப் புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதைக் கவனித்தார். அதைப் பார்த்து அவர் செய்த செயின்தான் இன்றைய செயினுக்கு வழிகாட்டி. உன் செயினைக் கையிலெடுத்துப் பார், ஒரு பல் இடப்பக்கம் வெட்டும், அடுத்தது வலப்பக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு தீட்டாவிட்டால் வெட்டு வளைந்துகொண்டே போகும். யாளியின் இடது தாடை உள்ளே சாய்ந்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், உன் கைமேல் குறை இல்லை. சின்னப் பல்லுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம் வாங்கிக்கொள். மரம் சுருள் சுருளாக வந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவாக வந்தால் உடனே நிறுத்தித் தீட்டு. மழுங்கிய செயினை நாம் தோளால் அழுத்துவோம், விபத்து அங்கேதான் காத்திருக்கிறது. சாலையோர மரத்தில் விளம்பரத் தட்டி அடித்த ஆணி எத்தனை புதைந்திருக்கிறதோ தெரியாது. பட்டையை உரித்து, கறுத்த புள்ளி தெரிகிற இடங்களில் காந்தத்தை ஓட்டிப் பார்.

ஈரமரம் காயும்போது ஆரத்தைவிட சுற்றளவில் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். விரிசல் வந்தே தீரும், அது யாளியின் மூக்கிலும் விழலாம். ஆகையால் முதுகுப் பக்கத்தில், நெடுக, நடுத்தண்டுவரை ஒரு வாய் வெட்டிவிடு. மரம் பெரும்பாலும் அந்த வழியாகவே திறந்துகொள்ளும். வட வேல்ஸில் பழைய தேவாலயத்தைப் பட்டறையாக்கிய சிற்பி டேவிட் நாஷ் இதற்கு மேலும் போனார். செயின் சாவால் ஈரமரத்தை மெல்லிய அடுக்குகளாக அறுத்து, காயும்போது அவை வளைந்து பிளப்பதையே சிற்பமாக விட்டார். ஜெர்மனியின் சிற்பி கேயார்க் பாஸெலிட்ஸ் வெட்டுத் தழும்புகளை மழுப்புவதே இல்லை. நீயோ எல்லாத் தழும்பையும் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்திருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடரி மயிருக்கு அந்த நீளமான வெட்டுக் கோடுகளைவிட நல்ல இழை உனக்கு எந்த உளியில் கிடைக்கும்? பிடரியை அப்படியே விடு. முகத்தை உளியால் முடி.

செயினுக்கு ஊற்றும் கறுப்பு எண்ணெய் வெளிர் மரத்தில் கறை பிடிக்கும். கடைசிச் சுற்று வெட்டுகளுக்குத் தாவர எண்ணெய் ஊற்று, வேலை முடிந்ததும் துடைத்துவிடு, இல்லாவிட்டால் பிசுபிசுத்துப்போகும்.

அடுத்த தடவை முதுகுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. வெட்டு நடுத்தண்டைத் தொட்டதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்