கன்னாட் பிளேஸில் ஒரு நாள்: கடைவீதியும் நம் கணக்கும்

புது தில்லிக்குச் செல்லும் நம் வாடிக்கையாளர்களில் பலர், கன்னாட் பிளேஸின் வெண்ணிறத் தூண் வரிசைகளுக்கிடையே ஒரு மாலைப்பொழுதையேனும் கழிக்காமல் திரும்புவதில்லை. ராபர்ட் டோர் ரஸ்ஸல் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1933-இல் நிறைவுற்ற இவ்வங்காடி, நடுவே பூங்காவும் அதைச் சுற்றி உள்வட்டம், வெளிவட்டம் என அமைந்த கடைகளுமாகத் திறந்தவெளியில் பரந்து கிடக்கிறது. ராஜீவ் சவுக் மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறினால் போதும், கடைகளின் முன்பே வந்து நிற்கலாம்.

இவ்விடத்தின் தனிச்சிறப்பு, நான்கு வகை வணிகம் நடந்தே சென்றடையும் தூரத்தில் இருப்பது. வட்டங்களில் பெருநிறுவனங்களின் காட்சிக்கூடங்களும் உணவகங்களும் உள்ளன. பாபா கடக் சிங் சாலையில் மாநில அரசுகளின் கைவினை விற்பனையகங்கள் வரிசையாக இருக்கின்றன. நம் பூம்புகாரும் அங்குண்டு. ஜன்பத் சாலையில் பேரம் பேசி வாங்கும் கடைகள். தரைக்கு அடியில் பாலிகா பஜார். நான்கிலும் நாம் தருவது அதே ரூபாய்தான். ஆயினும், பணம் கைமாறிய பின்பு ஒரு குறை நேர்ந்தால் அதைத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு நான்கிலும் ஒன்றன்று.

பேரக் கடைகளில் பெரும்பாலும் ரசீது கிடைப்பதில்லை. ரசீது இல்லாத பொருளுக்கு மாற்றித் தருதலும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. முந்நூறு ரூபாய்த் துப்பட்டாவுக்கு இது பெரிய இழப்பன்று. மூவாயிரம் ரூபாய் மின்னணுச் சாதனத்தை ரசீதின்றி வாங்குவது வேறு கதை. அத்தகைய பொருள்களை அங்கே வாங்காதிருப்பதே நலம் என்பது எங்கள் கருத்து. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தவுடன் திரையில் தோன்றும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொண்ட பின்பே பின் எண்ணை இடவேண்டும். ஒரு கடையின் ஒட்டுச்சீட்டின் மீது வேறொருவரின் ஒட்டுச்சீட்டை ஒட்டிச் செல்லும் மோசடி நாட்டின் பல இடங்களில் நடந்திருக்கிறது.

நெரிசல் மிகுந்த நேரங்களிலும் தரைக்கீழ்க் கடைகளிலும் இணைய இணைப்பு மெலிவது இயல்பு. எங்கள் கிளை வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பயணத்தின்போது ஒரு கடையில் 2,400 ரூபாய்க்குக் கைப்பை வாங்கி யுபிஐ வழியே செலுத்தினார். கணக்கில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. கடைக்காரரின் ஒலிபெருக்கிப் பெட்டியோ வாய் திறக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் ரொக்கமாக மறுபடியும் 2,400 கொடுத்துவிட்டு வந்தார். ஊர் திரும்பிய மறுநாள், "என் பணம் போய்விட்டதா ஐயா?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் முன் அமர்ந்தார்.

போகவில்லை. செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் அது "நிலுவை" என்றே காட்டிற்று. இரண்டு நாளில் தொகை தானே கணக்குக்குத் திரும்பியது. ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த விதிப்படி, கடைக்குச் செலுத்திய யுபிஐ தொகை நம் கணக்கில் கழிந்தும் கடையில் உறுதியாகாவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் வங்கி அதைத் திருப்பியாக வேண்டும். தவறினால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். கடையின் அட்டை இயந்திரத்தில் நேரும் இதே போன்ற தடைக்கும் இதே கெடு பொருந்தும். ஆசிரியை அம்மையார் மறுபடி பணம் கொடுத்ததில் பிழையில்லை. பொருள் வேண்டுமெனில் வேறு வழியில்லை. பட்டியலில் "நிலுவை" என்றில்லாமல் "வெற்றி" என்றிருந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது பரிவர்த்தனை எண்ணைக் காட்டி, கடைக்காரரைத் தம் கணக்கில் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை செலுத்தலாகாது.

அரசு விற்பனையகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விலை நிலையானது, ரசீது உண்டு. பேரம் பேச ஆசைப்படுவோருக்குத்தான் ஏமாற்றம்.

காட்சிக்கூடங்களுக்கு வருவோம். "வட்டியில்லாத் தவணை" என்னும் அறிவிப்பு கண்ணில் படாமல் இங்கே நடப்பது கடினம். 30,000 ரூபாய்க் கைப்பேசி, மாதம் 5,000 வீதம் ஆறு தவணை, கூடுதலாக ஒன்றுமில்லை என்பார்கள். உண்மையில் வட்டி இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று கொண்டால், வங்கி கடனாகக் கணக்கிடுவது 28,730 ரூபாயை. மீதி 1,270 வட்டி. அந்த 1,270-ஐ விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுவதால் நம் கண்ணுக்கு வட்டி தெரிவதில்லை. ஆனால் அவ்வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 229 ரூபாய், நம் பொறுப்பு. செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியுடன் 235. ஆக 464 ரூபாய் கூடுதல். பூஜ்ய வட்டி என்னும் பெயரில் வட்டி மறைக்கப்படுவதை ரிசர்வ் வங்கி 2013-லேயே சுட்டிக்காட்டியுள்ளது.

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "முழுத்தொகையையும் இப்போதே செலுத்தினால் அந்தத் தள்ளுபடியை எனக்குத் தருவீர்களா?" தருவதாக இருந்தால் பொருளின் விலை 28,730-தான்; தவணையில் வாங்குபவர் தருவது 30,464. கையில் சேமிப்பு இருப்பவர் 1,734 ரூபாயை ஏன் விடவேண்டும்? தள்ளுபடி கிடையாது என்றால், ஆறு மாத அவகாசத்துக்கு 464 ரூபாய் அதிகமன்று. பணமுடை உள்ள குடும்பத்துக்கு அது நியாயமான வழியே. அட்டை வைத்திருப்போர் கவனிக்கவேண்டியது இன்னொன்று: மாதாந்திரக் கணக்கில் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டினால், மீதிக்கும் புதிய செலவுகளுக்கும் வட்டி ஏறத் தொடங்கும். பல அட்டைகளில் அது ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டியது. சோளே பட்டூரேயும் பனிக்கூழும்கூட அந்த வட்டியில் சேர்ந்துவிடும்.

உணவகத்தில் ரசீதின் அடிப்பகுதியைப் பார்க்கவேண்டும். ஜிஎஸ்டி அரசுக்குரியது, "சேவைக் கட்டணம்" அப்படியன்று. அதைத் தானாகவே ரசீதில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டியது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பரிமாறியவருக்கு விரும்பியதைத் தரலாம், அது நம் மனம். ரசீதில் சேர்த்திருந்தால் நீக்கித் தருமாறு பணிவாகக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

விடுதிக்குத் திரும்பியதும் அன்றைய குறுஞ்செய்திகளை ரசீதுகளோடு ஒப்பிடப் பத்து நிமிடம் போதும். 5,000 ரூபாய் வரை தொட்டாலே பணம் செல்லும் அட்டை தொலைந்திருந்தால், முதலில் செயலியில் அதை முடக்கிவிட்டு, வங்கிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நம் தவறோ வங்கியின் தவறோ இன்றி, மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்கிறது 2017-ஆம் ஆண்டு விதி. பின் எண்ணையோ ஓடிபியையோ நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் கணம் வரையிலான இழப்பு நம்முடையது. இணையவழி மோசடி எனில் 1930-ஐயும் அழைக்கவேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும்முன் தடுக்க அங்கே முயல்வார்கள். ஞாயிறு இரவில் நேர்ந்ததற்குத் திங்கள் காலை கிளை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.