மிதிவெடியும் மேலங்கியும்

காரைக்காலை அடுத்த பட்டினச்சேரியிலிருந்து கடல்வழியே தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் யாழ்ப்பாணக் கரை. 2009இல் அங்கே போர் ஓய்ந்தது. புதைந்த மிதிவெடிகள் ஓயவில்லை. முகமாலையில் அவற்றைத் தோண்டியெடுத்தவர்களில் பெண்கள் பலர். அவர்களைக் காப்பது எது?

வெடிமருந்து கணப்பொழுதில் வாயுவாகிக் காற்றை நெருக்குகிறது. அந்த அழுத்த அலையோடு கல்லும் உலோகத் துணுக்குகளும் பறக்கின்றன. மேலங்கியைச் சோதிக்க, 1.1 கிராம் துணுக்கை நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் எய்கிறார்கள். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 111 ஜூல். 11 கிலோ அரிசியை ஒரு மீட்டர் தூக்கும் ஆற்றல், ஒரு பட்டாணியளவு இரும்பில்!

மேலங்கிக்குள் அராமிட் இழைத்துணி பல அடுக்காக இருக்கிறது. (இவ்வகையில் புகழ்பெற்ற கெவ்லாரை 1965இல் கண்டவர் ஸ்டெபனி குவோலெக் என்ற அமெரிக்கப் பெண்மணி.) வலையில் பெரிய மீன் மோதினால் ஒரு கண்ணி மட்டுமா தாங்குகிறது? சுற்றியுள்ளவையும் சேர்ந்து இழுபடுகின்றன. இங்கும் அப்படியே.

முகத்துக்கு 5 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு. கண்ணாடிபோல் நொறுங்காது, வளைந்து கொடுக்கும். அதன் கீழ்விளிம்பை மேலங்கியின் கழுத்துப்பட்டி மறைத்து நிற்கும். வெடி கீழிருந்துதானே வருகிறது! புழுக்கம் தாளாமல் தகட்டை உயர்த்திவிட்டால் கண்ணுக்குக் காவல் இல்லை.

இன்னொரு கவசம் தூரம். வெடிக்கு அருகில், தூரம் இருமடங்கானால் அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். அதனால்தான் அங்கே மண்ணைக் கிளற நீண்ட கைப்பிடி வாரிகளைப் பயன்படுத்தினார்கள். மிதித்துவிட்டாலோ பாதத்துக்கும் வெடிக்கும் இடையே தூரமே இல்லை. தடித்த காலணியும் அதிகம் உதவாது. ஆகவே, சோதித்து முடித்த மண்ணில் மட்டுமே அவர்கள் முழந்தாளிடுகிறார்கள்.