அனுப்பாமல் வைத்திருக்கும் பதில்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நேற்றிரவு நீ அனுப்பிய வரைவை இரண்டு முறை படித்தேன். உன் திறமூலத் திட்டத்துக்கு முதன்முறையாக ஒரு வெளியாள் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியிருக்கிறான், அதுவும் விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரிப் பையன். டெஸ்ட் எழுதவில்லை. ஒரே கமிட்டில் நான்கு வேலைகளைத் திணித்திருக்கிறான். ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபங்ஷனைத் தெரியாமல் மறுபடி எழுதியிருக்கிறான். நீ காட்டிய மூன்று குறைகளும் சரியானவை. ஆனால் உன் பதிலின் முதல் வரி, பங்களிப்பு வழிகாட்டியைத் திறந்தாவது பார்த்தாயா என்று கேட்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு அவன் நிரலில் எதைத் திருத்த முடியும்?

அனுப்பலாமா என்று கேட்டாய். இப்படியே அனுப்பாதே. காரணத்தைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

லினக்ஸ் கெர்னலை 1991-இல் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பது உனக்குத் தெரியும். 2018 செப்டம்பர் 16 அன்று அவர் எழுதிய மடலைப் படித்திருக்கமாட்டாய். 4.19 பதிப்பின் முன்னோட்டம் ஒன்றை அறிவிக்கும் வழக்கமான மடல் அது. அதிலேயே, இத்தனை ஆண்டுகள் மனிதர்களைத் தாக்கி எழுதியதற்காக மன்னிப்பும் கேட்டார். பிறர் மனத்தைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போவதாகச் சொல்லிவிட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். அந்தப் பதிப்பை முடித்து வெளியிடும் பொறுப்பை கிரெக் க்ரோ-ஹார்ட்மன் ஏற்றார். கெர்னலுக்கு ஒரு முறையான நடத்தை நெறி வந்ததும் அப்போதுதான்.

அந்த மடலைப் பலரும் பாராட்டுகிறார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் அது வந்த நேரத்தையும் பார். யுஎஸ்பி 3.0 டிரைவரை எழுதிய சேஜ் ஷார்ப், 2013-லேயே கெர்னல் குழுவுக்குள் நின்று, இந்த வசைமொழி வேண்டாம் என்று எல்லோரும் பார்க்க எழுதியவர். 2015-இல் ‘மோதல் நெறி’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு குறிப்பைக் கெர்னல் குழு சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில், தான் ஏன் கெர்னலை விட்டு விலகினேன் என்று ஷார்ப் எழுதினார். மன்னிப்பு வந்தபோது அவர் அங்கே இல்லை. அப்படிப்பட்ட டிரைவரை எழுதத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

என் கதையும் ஒன்று உண்டு. நான் ஒருமுறை ஒரு திட்டத்துக்கு மொழிபெயர்ப்புக் கோப்பு அனுப்பினேன். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. ஐந்து நிமிட வேலை. வந்த பதிலைப் படித்தபின், அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

உன் திட்டத்தில் ஒரு நடத்தை நெறிக் கோப்பு இருப்பதைப் பார்த்தேன். 2014-இல் கோரலைன் அடா எம்கி எழுதத் தொடங்கிய ‘பங்களிப்பாளர் உடன்படிக்கை’யை அப்படியே போட்டிருக்கிறாய். நல்ல காரியம். அதை முழுக்கப் படித்தாயா? அதன் இரண்டாம் பதிப்பில், மீறல் நேர்ந்தால் என்ன செய்வது என்று நான்கு படிகள் இருக்கின்றன: முதலில் தனியாகத் திருத்திச் சொல்வது, பிறகு எச்சரிக்கை, பிறகு தற்காலிகத் தடை, கடைசியில் நிரந்தரத் தடை. அந்த முதல் படியைச் செய்ய உன் திட்டத்தில் யார் இருக்கிறார்கள்? மீறியது நீயே என்றால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? புகாருக்கென்று கொடுத்திருக்கும் முகவரியும் உன்னுடையதாகவே இருக்கிறது. இன்னொருவர் பெயரையும் சேர்.

விதியும் தண்டனையும் வேண்டாம், அன்பாகப் பேச வழிகாட்டினால் போதும் என்பவர்களும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2018-இல் குனு திட்டத்துக்காக வெளியிட்ட குறிப்புகள் அந்த வகை. எனக்கு இரண்டுமே வேண்டும் என்றுதான் படுகிறது. அறியாமல் தடித்துப் பேசுபவருக்கு வழிகாட்டி போதும். வேண்டுமென்றே ஒருவரைக் குறிவைப்பவருக்குப் போதாது.

டெபியன் திட்டம் 2014-இல் வாக்கெடுத்து ஏற்ற நெறியில் எனக்கு மிகப் பிடித்தது, எதிராளி நல்லெண்ணத்தோடுதான் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் பகுதி. பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதையும் அது நினைவூட்டுகிறது. அந்தப் பையன் ‘இதைச் சேர்’ என்று ஆங்கிலத்தில் கட்டளைபோல எழுதியதுதானே உன்னைச் சீண்டியது? அவன் மனத்தில் ஓடியது ‘சேர்த்துடுங்க’ என்பதாக இருக்கும். நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கென்று தனிச்சொல் போடவேண்டும். மொழி மாறும்போது அந்த ‘ங்க’ வழியில் விழுந்துவிடுகிறது. நீயும் முதல் ஆண்டில் எனக்கு அனுப்பிக் காட்டிய ஆங்கில மடல்கள் அப்படித்தான் இருந்தன, மகளே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருப்பது. அதைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தனியாளாகப் பராமரித்தவர் பின்லாந்தின் லாஸ்ஸே காலின். 2022-இல் அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர்களிலிருந்து அவருக்கு மடல்கள் வந்தன. வேலை நகரவில்லை, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நச்சரித்தன. தன் மனநலச் சிக்கலையும், இது ஊதியமில்லாத வேலை என்பதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். நச்சரிப்பு நிற்கவில்லை. அதே காலத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாகப் பேட்ச் அனுப்பிக்கொண்டிருந்தார். பராமரிக்கும் உரிமை மெல்ல அவர் கைக்கும் போனது. 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு இருந்தது. போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆந்திரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்ததால்தான் மார்ச் 29 அன்று அது உலகுக்குத் தெரிந்தது.

இதைப் படித்த நாளில் நான் வெகுநேரம் தூங்கவில்லை. களைத்த மனிதரை விரட்டுவதே அங்கே திறவுகோலாகியிருக்கிறது. பணிவான சொற்களோ வஞ்சகனிடம் இருந்தன. ஆகவே நான் உன்னிடம் கேட்பது இனிக்க இனிக்க எழுதச் சொல்லி அல்ல. யாராவது ஒரு பராமரிப்பாளரை அவசரப்படுத்துவதைக் கண்டால், அது உன் திட்டமாக இல்லாவிட்டாலும், நடுவில் போய் ஒரு வரி எழுது. உன்னை யாராவது விரட்டினாலும், முடியவில்லை, அடுத்த மாதம்தான் என்று கூசாமல் சொல்.

இனி உன் வரைவுக்கு வருகிறேன். முதலில் அவன் சரிசெய்ய வந்த பக் உண்மையானதுதான் என்று சொல், நீயே அதை ஒப்புக்கொள்கிறாய். பிறகு, ‘நீ எழுதியது’ என்ற தொடர் வருமிடமெல்லாம் ‘இந்த ஃபங்ஷன்’ என்று மாற்று. ஏற்கெனவே இருக்கும் ஃபங்ஷன் எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று சுட்டு. கமிட்டை எப்படிப் பிரிப்பது என்பதற்கு உன் பழைய கமிட் ஒன்றின் இணைப்பைக் கொடு. டெஸ்ட் இல்லாமல் சேர்க்க முடியாது என்பதை மழுப்பாமல் எழுது, அதில் தளரவேண்டியதில்லை. முடிந்தால் முதல் டெஸ்ட்டின் வெற்றுச் சட்டத்தை நீயே எழுதிக் கொடு.

அவன் அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. இன்றிரவே பதில் போட்டுவிடு. சேர்ந்தபின் எனக்கும் இணைப்பை அனுப்பு, பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
சித்தப்பா