பச்சை குத்திய புண் ஆறுவது எப்படி?

அசோக் நகரில் எங்கள் அடுத்த தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், முன்கையில் 'டாட்டூ' என்று இன்று சொல்லப்படும் பச்சையைக் குத்திக்கொண்டார். ஐந்தாம் நாள் அதில் பொருக்குத் தட்டி அரிப்பெடுத்தது. நகத்தால் பிய்த்துவிட்டார், நீச்சல் குளத்திலும் இறங்கினார். இரண்டே நாளில் கை வீங்கிச் சீழ் கட்டியது. மருத்துவம் செய்து ஆறிய பிறகு பார்த்தால், ஆங்காங்கே கோடுகள் வெளிறிப் போயிருந்தன. "மை சரியில்லை சார்" என்றார். குறை மையில் இருந்ததா? பார்ப்போம்.

மை எங்கே நிற்கிறது?

நம் மேல்தோல் பெரும்பாலான இடங்களில் சுமார் 0.1 மி.மீ. தடிமனே உடையது. அதன் செல்கள் ஓயாமல் உதிர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிதாகிவிடுகின்றன. மருதாணிச் சிவப்பு மறைவது இதனால்தான். பச்சை குத்தும் ஊசியோ மேல்தோலைத் துளைத்து, அதன் கீழுள்ள அடித்தோலில் மையைச் சேர்க்கிறது. அங்குள்ள விழுங்கு செல்கள் மைத்துகள்களை விழுங்குகின்றன; ஆனால் அவற்றைச் செரிக்க முடிவதில்லை. ஒரு செல் இறந்தால் அது விட்ட மையை மற்றொன்று பற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடம் சோதித்து 2018இல் இதை வெளியிட்டார்கள்.

கருப்பு ஏன் பச்சையாயிற்று?

முன்பு குறத்தியர் நம் பாட்டிமார் கையில் குத்தியது விளக்குக்கரி கலந்த கருப்பு மை. அது பச்சையும் நீலமுமாகத் தெரிவானேன்? ஒளி தோலுக்குள் நுழையும்போது நீலக் கதிர்கள் அதிகம் சிதறி வெளியே திரும்புகின்றன. சிவப்புக் கதிர்கள் ஆழச் சென்று கரியால் உட்கவரப்படுகின்றன. மை தோலுக்கு உள்ளே இருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி.

ஆறும்வரை

ஆகவே புதுப்பச்சை என்பது ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட ஒரு புண். மேற்பரப்பு மூட இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். உள்ளே ஆற இன்னும் நாளாகும்.

1. கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்பே புண்ணைத் தொடவேண்டும். மென்மையான சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்கவேண்டும்.

2. சொல்லப்பட்ட களிம்பை மெல்லியதாகப் பூசவேண்டும். வறண்டால் பொருக்கு தடித்து வெடிக்கும்; ஈரம் மிகுந்தால் தோல் ஊறிக் கிருமிகள் பெருகும். வியர்வை மிகுந்த சென்னையில் தளர்ந்த பருத்தி ஆடையே நல்லது.

3. குளம், கடல், நீச்சல் குளம் கூடாது.

4. வெயில் படாமல் காக்கவேண்டும். புற ஊதாக்கதிர் புதுத்தோலைத் தாக்கும்.

5. பொருக்கைப் பிய்த்தால் மையும் உடன் வரும், வடுவும் விழும்.

முன்பு மஞ்சள் பூசினார்களே என்று கேட்பீர்கள். மஞ்சளுக்குக் கிருமிகளை எதிர்க்கும் குணம் ஓரளவு உண்டு. ஆனால் சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. திறந்த புண்ணுக்கு அது வேண்டாம்.

சிவப்பு பரவினாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்கும் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். பின்னால் எவ்வளவு கழுவினாலும் அது போகாது. பள்ளிப் பருவத்தில் இதற்கு அவசரமும் இல்லை.

இப்போது சொல்லுங்கள்: அந்த மாணவரின் கோடுகள் வெளிறியதற்குக் காரணம் மையா, நகமா?