கம்ப்யூட்டரிடம் போங்கு ஆடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் ராஜேந்திர சோழன் கேம்பெயினை ஆசையாக ஆரம்பித்தாய். ஒரு மிஷனில் திரும்பத் திரும்ப மண்ணைக் கவ்வினாய். கடைசியில் வெறுத்துப்போய், 'ஹவ் டூ யூ டர்ன் திஸ் ஆன்' என்று தட்டி, மெஷின் கன் வைத்த கோப்ரா காரைப் பதினோராம் நூற்றாண்டுக்குள் இறக்கி, எதிரி ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டாய். அதற்கப்புறம் அந்த கேமைத் திறக்கவே கை வரவில்லை என்கிறாய். "தனியாத்தானேக்கா ஆடுறேன், கம்ப்யூட்டரை ஏமாத்தினா யாருக்கு நஷ்டம்? ஆனா ஏன் சப்புனு ஆயிடுச்சு?" என்று கேட்டிருக்கிறாய். இதில் இரண்டு கேள்வி இருக்கிறது, தம்பி. வழக்கம்போல இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஏதோ பாவம் செய்தவன் மாதிரி எழுதியிருக்கிறாய்.

பாவமெல்லாம் இல்லை. கம்ப்யூட்டருக்கு மானமும் கிடையாது, ரோஷமும் கிடையாது. ஆன்லைனில் இன்னொரு மனிதரோடு ஆடும்போது இதைச் செய்திருந்தால் உன்னோடு பேசவே மாட்டேன். அங்கே நீ திருடுவது அவருடைய மாலைப்பொழுதை. இங்கே அப்படி யாரும் இல்லை. அந்த சீட் கோடுகளை உள்ளே வைத்ததும் கேமைச் செய்தவர்கள்தான். கொனாமி கோடு என்று ஊரெல்லாம் தெரிந்த அந்தப் பட்டன் வரிசையையே எடுத்துக்கொள். 1986-இல் கிரேடியஸ் ஆட்டத்தை வீட்டு கன்சோலுக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, தானே சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால் போட்டுக்கொண்டது அது. செய்தவருக்கே தேவைப்பட்ட உதவியை நீ எடுத்துக்கொண்டதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வா. ஏன் சப்பென்று ஆனது? அதற்கு நீ விட்டுத்தள்ளிய ஆரம்ப நிமிடங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

சாதாரண ஆட்டத்தில் உன் கையில் 200 உணவு. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு. ஆடு தீர்ந்துகொண்டே வருகிறது. அடுத்து வரும் ஆளைக் காட்டுப்பன்றியை இழுத்துவர அனுப்புவதா, மரம் வெட்ட அனுப்புவதா? இன்னும் இரண்டு பேரை உருவாக்கிவிட்டு யுகம் மாறுவதா, இப்போதே மாறிவிடுவதா? சீக்கிரம் மாறினால் ஆள் பற்றாது. தாமதித்தால் எதிரியின் குதிரை வந்து நிற்கும். இந்த இழுபறிதான் கேம். வாளும் யானையும் கோட்டையும் எல்லாம் இந்த இழுபறி கண்ணுக்குத் தெரிகிற வடிவம், அவ்வளவுதான்.

இப்போது 'சீஸ் ஸ்டீக் ஜிம்மிஸ்' என்று தட்டு. ஒரே வரியில் குறைந்தது 1000 உணவு, அதாவது குறைந்தது 20 வில்லேஜர். ஒரு டவுன் சென்டர் அவர்களைப் பெற்றுத்தரவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆக, அந்த எட்டு நிமிடமும் உணவைப் பற்றி நீ எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. 'லம்பர்ஜாக்', 'ராபின் ஹூட்', 'ராக் ஆன்' மூன்றையும் சேர்த்துத் தட்டினால் மரமும் தங்கமும் கல்லும் அதே கதி. எதிரியைவிட உன்னைத்தான் நீ அதிகம் ஏமாற்றினாய் என்று ஒரு பிரசங்கம் செய்ய எனக்கு இஷ்டமில்லை. நடந்தது அதைவிடச் சின்ன விஷயம்: கேம் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளை நிறுத்திவிட்டாய். கேள்வி நின்ற ஆட்டத்தில் மவுஸ் கிளிக் மட்டும்தான் மிஞ்சும்.

அந்த கேம்பெயினில் நீ ஆடும் திராவிடர் படைக்கு ஒவ்வொரு யுகம் மாறும்போதும் சட்டப்படியே 200 மரம் இனாமாக வரும், கவனித்திருப்பாய். அதுவும் இனாம்தானே, அது மட்டும் ஏன் சப்பென்று ஆக்கவில்லை? ஏனென்றால் அது புதுக் கேள்வியைக் கொண்டுவருகிறது. இந்த மரத்தில் கப்பல் துறை போடவா, வயல் போடவா? கூடவே அந்தப் படைக்கு நைட் குதிரைவீரர்கள் கிடையாது. அந்தக் குறையைச் சுருள்வாள் வீரனையும் யானையையும் வைத்து ஈடுகட்டு என்கிறது. கொடுத்ததும் எடுத்ததும் சேர்ந்து உன்னை யோசிக்க வைக்கின்றன.

அதனால் எல்லா சீட்டையும் ஒரே தராசில் போடாதே. ஒவ்வொன்றையும் தட்டும் முன்னால், இது எந்த யோசனையை என் கையிலிருந்து பிடுங்குகிறது என்று மட்டும் பார். 'மார்கோ', 'போலோ' இரண்டும் மேப்பைத் திறந்து காட்டும். அது உளவு பார்க்கும் வேலையைக் கொன்றுவிடும், உண்மைதான். ஆனால் கற்றுக்கொள்கிறவனுக்கு அதைப்போல நல்ல வாத்தியார் இல்லை. கம்ப்யூட்டர் எத்தனை பேரை மரத்துக்கு அனுப்புகிறது, எப்போது படையைத் திரட்டுகிறது என்று உட்கார்ந்து பார்க்கலாம். 'ஏஜிஸ்' வேறு ரகம். 650 கல் போட்டு, ஒற்றை ஆள் கட்டினால் 200 விநாடி இழுக்கும் கோட்டை கண்மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும். ஆனால் அதே வேகம் எதிரிக்கும் கிடைக்கும், தெரியுமா? கோடைத் தட்டிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருப்பவனின் வாசலில் எதிரி கோட்டையும் அதே வேகத்தில் முளைக்கும். அதில் பரபரப்பு மிச்சமிருக்கிறது. அதை ஒரு கிறுக்குப் பந்தயமாக ஆடலாம், நன்றாகவே இருக்கும். கார் அப்படி இல்லை. அது விளையாட்டுப் பொருள், ஓட்டிச் சிரிக்கலாம். நீ செய்த பிசகு அதை ஓட்டியதில் இல்லை, அதை வைத்து கேம்பெயினைத் தாண்டியதில். அந்த மிஷன் உனக்குக் கற்றுக்கொடுக்க வைத்திருந்ததைக் கற்காமலே அடுத்ததற்குள் போய் நின்றாய். அது இன்னும் கடினமாக இருந்திருக்கும். மறுபடி காரைத் தேடியிருப்பாய். அந்த இடத்தில்தான் மூடிவைத்திருக்கிறாய் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இதையெல்லாம்விட மோசமானதை நீ கேட்கவே இல்லை. அதைச் சீட் என்றே நீ நினைக்கவில்லை போலும். ரீலோட்.

கோடு தட்டுகிறவனுக்குத் தான் போங்கு ஆடுகிறோம் என்று தெரியும். ஒவ்வொரு அடிக்கும் சேவ் செய்து, சரியாக வராவிட்டால் பின்னால் போகிறவன் தன்னை நல்ல ஆட்டக்காரன் என்றே நம்பிக்கொண்டிருப்பான். 2012-இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்னோன் ஆடியிருக்கிறாய் அல்லவா? ஒரு வீரன் செத்தால் செத்ததுதான். தளத்தில் நினைவுச் சுவரில் அவன் பெயர் ஏறும். நண்பர்களின் பெயரை வைத்து ஆடுகிறவர்களுக்கு அந்தச் சுவரைப் பார்ப்பது லேசான காரியமில்லை. அங்கே 90 சதவீதம் என்று காட்டிய குறி தவறுகிறது. உடனே ரீலோட். மறுபடி சுடு. மறுபடி தவறும். ஏனென்றால் பகடை வரிசையை கேம் சேவிலேயே பத்திரமாக வைத்திருக்கிறது. அதே வரிசையில் அதே செயலைச் செய்தால் அதே விடைதான் வரும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முதலில் இன்னொருத்தனைச் சுடவைத்து, அந்தக் கெட்ட எண்ணை அவன் தலையில் கட்டிவிட்டு, அப்புறம் இவனைச் சுடவைப்பார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் அவர்கள் வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பகடைப் பட்டியலோடு மல்லுக்கட்டுகிறார்கள். எங்கே மறைந்து நிற்பது, எப்போது பின்வாங்குவது, காயம்பட்டவனைக் காப்பாற்ற இன்னொருவனைப் பணயம் வைப்பதா என்ற யோசனைகள் எல்லாம் அவர்களுக்குத் தேவையற்றுப் போகின்றன. தோல்வி சாத்தியமில்லாத இடத்தில் எச்சரிக்கைக்கு என்ன வேலை?

அந்த கேமைச் செய்தவர்கள் அயர்ன்மேன் என்று ஒரு முறையும் வைத்தார்கள்: ஒரே சேவ், திரும்பிப் போக வழியில்லை. யுரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இலும் அது உண்டு. அதில் ஒரு முறையாவது ஆடிப் பார். தோற்ற ஆட்டத்தை எப்படி இழுத்துப் பிடிப்பது என்று அப்போதுதான் தெரியவரும். இந்த வகை கேம்களில் மிகச் சுவையான பகுதி அதுதான் என்பது என் கட்சி. ரீலோட் செய்கிறவனுக்கு அந்தப் பகுதி கண்ணிலேயே படாது.

நீ வாயைத் திறப்பது கேட்கிறது. "அக்கா, எனக்கு வேலை இருக்கு, வீட்டில கூப்பிடுவாங்க, ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்குது." அட, சேவ் செய்யாதே என்று யார் சொன்னது? ஆட்டத்தை நாளைக்குத் தொடர்வதற்காகச் சேவ் செய். நேற்று செய்த முட்டாள்தனத்தை அழிப்பதற்காக அதைத் திறக்காதே. நேரம் குறைவு என்றால் கஷ்ட நிலையை ஒரு படி இறக்கு. கௌரவம் பார்க்கிறாய், அதுதான் உன் வியாதி. ஹார்டில் ஆரம்பித்துக் காரில் முடிப்பதற்கு எளிய நிலையில் காரில்லாமல் முடிப்பது எவ்வளவோ மேல். எளிய நிலையில் எல்லாக் கேள்வியும் அப்படியே இருக்கும், விடை சொல்ல அவகாசம் மட்டும் கூடும்.

அடுத்த வாதம் இன்னும் கெட்டி: "கம்ப்யூட்டரே போங்கு ஆடுதே!" ஆடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் உச்ச நிலைகளுக்குப் பெயரே சீட்டர் 1, 2, 3. ஒன்று உன் மேப்பைப் பார்க்கும், அடுத்ததற்குக் கூடுதல் வருமானம். சிவிலைசேஷன் 6-இல் பிரின்ஸ் நிலையில் யாருக்கும் சலுகை இல்லை. உச்சமான டீட்டி நிலையில் நீ ஊர் அமைக்கும் ஒரு செட்லரோடு தொடங்கும்போது கம்ப்யூட்டர் மூன்றோடு தொடங்கும். 1999-இல் வந்த ஏஜ் 2-விலேயே கடைசி நிலையில் கம்ப்யூட்டருக்கு உபரி வளங்கள் உண்டு. யோசிக்கும் திறமையில் மனிதனுக்கு ஈடுகொடுக்க முடியாததை எண்ணிக்கையில் ஈடுகட்டுகிறார்கள்.

ஆனால் நம் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பார். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து வெட்டும், ஆடு வெட்டவே முடியாது. புலி போங்கு ஆடுகிறது என்று யாராவது அழுதிருக்கிறார்களா? இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்பதே அங்கே சுவை. எப்படிச் சமமில்லை என்பது காய் வைக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. டீட்டியின் மூன்று செட்லரும் அப்படித்தான். அவை நூறு வருஷம் கழித்து உன் எல்லையில் என்ன செய்யும் என்று கணக்குப் போடலாம். நீ நடு ஆட்டத்தில் வரவழைத்த காரைக் கணக்கில் எடுக்க அந்தப் பாவப்பட்ட ஏஐ-க்கு வழியே இல்லை. அது ஈட்டிக்காரர்களை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்வாய், நீ படிக்கிற பையன்: "செஞ்சவங்களே நமக்காகப் போங்கு ஆடுறாங்களே?" அதுவும் நிஜம். சிவிலைசேஷன் ரெவல்யூஷன் செய்தபோது நடந்ததை சிட் மையர் 2010-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் விவரித்தார். மூன்றுக்கு ஒன்று பலம் என்று காட்டிய சண்டையில் தோற்றவர்கள் கொதித்துப்போனார்கள். நான்கில் ஒரு முறை தோற்பதுதான் கணக்கு என்று யாரும் ஏற்கவில்லை. இரண்டுக்கு ஒன்று பலத்தில் அடுத்தடுத்துத் தோற்றாலும் அதே புகார். கடைசியில் கணக்கையே ஆட்டக்காரர் பக்கம் சாய்த்தார்கள். எக்ஸ்காம் 2-இன் எளிய நிலைகளிலும் திரையில் காட்டும் சதவீதத்தைவிட நிஜ வாய்ப்பு உனக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்தக் கை எங்கே நீள்கிறது என்று பார். நீ யோசித்து முடித்து, ஆளை நிறுத்தி, சுடு என்று சொன்ன பிறகுதான் பகடையை லேசாகத் தட்டுகிறார்கள். யோசனை உன்னுடையதாகவே இருக்கிறது. நீ மனமுடைந்து மூடிவைத்துவிடக் கூடாதே என்ற அக்கறை அது. உன் கார் உன்னை மூடத்தான் வைத்தது.

சரி, திட்டியது போதும். அந்த மிஷனுக்குத் திரும்பிப் போ. கஷ்ட நிலையை ஒரு படி இறக்கு. முதலில் மார்கோ, போலோ போட்டு ஒரு கால்மணி நேரம் வெறுமனே பார்: முதல் தாக்குதல் எந்தப் பக்கத்திலிருந்து, எதைக் கொண்டு வருகிறது, அப்போது உன் டவுன் சென்டர் சும்மா நிற்கிறதா என்று. உன் ஆட்டத்தை நான் அறிவேன், சும்மாதான் நிற்கும். எட்டு சுருள்வாள் வீரனைச் சேர்த்த மகிழ்ச்சியில் வில்லேஜர் உருவாக்குவதை மறந்துவிடுவாய். பார்த்து முடித்ததும் அந்த ஆட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, கோடு எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்கு. தோற்றால் எந்த இடத்தில் கை நழுவியது என்று விவரமாக எழுது. ஜெயித்தாலும் எழுது. ஜெயித்த கையோடு காரை இறக்கி ஊரைச் சுற்றி வா, அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா