பெயர் கேட்கும் அதிகாரம்

வடாலா ரோடு இரயில் நிலையத்தில் கடைசி வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் ஓர் இளைஞனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். உணவகம் ஒன்றில் இரவுப் பணியை முடித்து வருகிறான். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மும்பைக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. மராத்தி இன்னும் நாவில் தடுமாறுகிறது. சாலையின் குறுக்கே இரும்புத் தடுப்புகள் நிற்கின்றன. மும்பையில் 'நாகாபந்தி' என்று வழங்கும் காவல் சோதனை நடக்கிறது. காவலர் ஒருவர் கைகாட்டி அவனை நிறுத்துகிறார். பெயர் என்ன, ஊர் எது, அடையாள அட்டை எங்கே என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார். இளைஞன் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறான். ஆதார் அட்டை வீட்டில் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது!

அட்டையைக் கையில் கொண்டு செல்லாதது குற்றமா? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அந்த இளைஞன் இருசக்கர வண்டியில் வந்திருந்தால் விடை எளிது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பொது இடத்தில் வண்டி ஓட்டுபவர், சீருடையிலுள்ள காவல் அலுவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். வடாலா ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நின்று உங்கள் தந்தையார் பெற்ற உரிமம் இதற்காகவே. 'சீருடையிலுள்ள' என்னும் சொல்லையும் கவனியுங்கள். கேட்பவர் யார் என்பது கேட்கப்படுபவருக்குத் தெரிய வேண்டும் என்று சட்டமே எண்ணியிருக்கிறது.

நடந்து செல்பவரின் நிலை வேறு. இந்தியக் குடிமகன் ஒருவர் வீதியில் நடக்கும்போதெல்லாம் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. (வெளிநாட்டவர்க்குரிய விதிகள் வேறு.) ஆனால் பெயரைச் சொல்ல மறுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39-ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாத ஒரு சிறு குற்றத்தை ஒருவர் காவலர் கண்முன் செய்தாலோ, அத்தகைய குற்றம் அவர்மீது சாட்டப்பட்டாலோ, காவலர் அவருடைய பெயரையும் இருப்பிடத்தையும் கேட்கலாம். அவர் சொல்ல மறுத்தாலோ, பொய்ப்பெயர் சொல்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தாலோ, உண்மையை அறியும்பொருட்டு அவரைக் கைது செய்யலாம். உண்மை தெரிந்தவுடன் பிணைமுறி பெற்றுக்கொண்டு விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் தெரியாவிட்டால் அருகிலுள்ள நீதித்துறை நடுவரிடம் அனுப்ப வேண்டும். இங்கே சட்டம் கேட்பது பெயரையும் முகவரியையுமே, அட்டையை அன்று. அதையும் ஒரு செயலோடு சேர்த்தே கேட்கிறது.

மும்பை நீதிமன்றம் ஒன்றில் 2022-ஆம் ஆண்டு நடந்த ஒரு வழக்கு இதை நன்கு விளக்கும். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த 29 வயது இளைஞர் ஒருவர், தென் மும்பைத் தெருவொன்றில் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் அமர்ந்திருந்தார். காவலர்கள் வந்தனர். அவர் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொள்ள முயன்றார் என்று கூறிக் கைது செய்தனர். குற்றம் செய்யும் நோக்கத்தோடு இரவில் முகத்தை மறைத்திருப்பது மகாராட்டிரக் காவல் சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படி குற்றம். கிர்காவ் நீதித்துறை நடுவர் வழக்கைக் கேட்டு அவரை விடுதலை செய்தார். மும்பை போன்ற நகரில் ஒன்றரை மணி என்பது வெகு நேரமன்று. ஊரடங்கு இல்லாத இரவில் தெருவில் இருப்பதே குற்றமாகாது. கொரோனா காலத்தில் முகக்கவசம் இல்லாதவர் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது இயல்பு, அது அடையாளத்தை மறைப்பதாகாது என்பன அவர் கூறிய காரணங்கள். இரவுப் பணியாளர்களால் இயங்கும் இந்நகரத்தை நன்கறிந்தவரின் தீர்ப்பு அது.

'நீ என்ன செய்தாய்?' என்று கேட்பதும், 'நீ யார்? அதற்குச் சீட்டு எங்கே?' என்று கேட்பதும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு விடை செயலில் இருக்கிறது. குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் குற்றம் சாட்டுபவர். இரண்டாம் கேள்வி, எதுவும் செய்யாதவர்மீதும் சுமையை ஏற்றிவிடுகிறது. அவ்வாறு ஓர் இனத்தார் முழுவதையும் பார்த்துக் கேட்டபோது என்ன நேர்ந்தது என்பதை நம் முன்னோர் சிலருடைய வரலாறு காட்டுகிறது.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு, ஆசியர்கள் அனைவரும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1907-இல் சட்டம் இயற்றியது. பத்து விரல்களின் ரேகையையும் பதித்துச் சான்றிதழ் பெற வேண்டும். காவலர் எவ்விடத்தில் கேட்டாலும் காட்ட வேண்டும். காட்டாதவர்க்குத் தண்டமும் சிறையும் நாடு கடத்தலும் காத்திருந்தன. ஐரோப்பியர் எவருக்கும் இச்சட்டம் இல்லை. இதன் முன்வடிவம் வெளிவந்தபோதே, 1906 செப்டம்பர் 11 அன்று, சொகனசுபர்க்கின் எம்பயர் நாடக அரங்கில் இந்தியர்கள் கூடி இதற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். அவர்களை வழிநடத்தியவர் அங்கு வழக்குரைஞராயிருந்த காந்தி. போராட்டத்தில் தமிழர்கள் திரளாகப் பங்கேற்றனர். மொரிசியசில் பிறந்து சொகனசுபர்க்கில் வாழ்ந்த தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார்.

அடுத்து நடந்ததைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1908 சனவரியில் காந்தியும் தம்பி நாயுடுவும் சிறையிலிருந்தபோது, அமைச்சர் சுமட்ஸ் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். இந்தியர்கள் தாமாகவே முன்வந்து பதிவு செய்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று காந்தி அதனைப் புரிந்துகொண்டார். பதிவு செய்துகொள்ள முதலில் சென்றவர்களுள் அவரும் ஒருவர். காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சினந்த சிலர் வழியிலேயே அவரைத் தடியால் அடித்து வீழ்த்தினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் காயமுற்றார். விரல் ரேகை தருவதே அவர்களுக்கு இழிவாகத் தோன்றியிருந்தால் இருவரும் அங்குச் சென்றிருக்க மாட்டார்கள். அதே மையையும் அதே தாளையும் விருப்பத்தோடு ஏற்க அவர்கள் அணியமாயிருந்தனர். குற்றவாளியைப் போல் கட்டாயப்படுத்தப்படுவதை மட்டுமே மறுத்தனர். சட்டம் நீக்கப்படவில்லை. 1908 ஆகத்து 16 அன்று ஹமீதியா பள்ளிவாசல் வெளியில் பெரிய இரும்புக் கொப்பரை ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, 2000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை எரித்தனர்.

இதுபோன்ற சட்டம் நம் நாட்டிலும் இருந்தது. ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களில் பிறந்தவர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதியது. அவர்கள் விரல் ரேகையைப் பதிந்து, காவலரின் கண்காணிப்பில் வாழ வேண்டியிருந்தது. மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூர் மக்கள் அப்பதிவை எதிர்த்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று அவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இறந்தவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். நாடு விடுதலை பெற்ற பின், 1952-இல் அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கியது.

கொழும்பில் நடந்ததோ நம் காலத்து நிகழ்ச்சி. 2007 சூன் 7 அன்று விடியற்காலையில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைக் காவல்துறை எழுப்பியது. நகரில் தங்கத் தக்க காரணம் இல்லை என்று கூறி, 376 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பியது. அவர்கள் அந்நாட்டின் குடிமக்கள். மருத்துவத்திற்கும் வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்திற்குமாக வந்து தங்கியிருந்தவர்கள் அவர்களுள் பலர். மறுநாளே உச்ச நீதிமன்றம் தலையிட்டு வெளியேற்றத்தை நிறுத்தியது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அடையாள அட்டை ஒன்று மட்டுமே ஒருவரைக் காக்கும் என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி நம் நகரத்திற்குத் திரும்புவோம். 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது இதே வடாலாவின் உப்புக் கிடங்கை நோக்கி மக்கள் அலையலையாகச் சென்றனர். சூன் 1 அன்று மட்டும் சென்றவர் ஏறத்தாழ 15,000 பேர். தடியடியும் சிறையும் நாட்டில் பெருகிய அக்காலத்தில்தான், 1936 ஆகத்து 24 அன்று, மும்பையில் இந்தியக் குடியுரிமைகள் சங்கம் தோன்றியது. கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் தலைவர். சரோசினி நாயுடு செயல் தலைவர். அச்சங்கத்தார் கேட்டவை பல பின்னர் அரசியலமைப்பில் இடம்பெற்றன. இந்தியா முழுவதும் தடையின்றிச் செல்லவும், எப்பகுதியிலும் தங்கி வாழவும் குடிமக்களுக்கு 19-ஆம் உறுப்பு உரிமை தருகிறது. வடாலாவில் நீங்கள் வாழ்வது எவருடைய இரக்கத்தாலும் அன்று, இவ்வுறுப்பின்படியே. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22-ஆம் உறுப்பு.

நீதிமன்றங்களும் படிப்படியாக எல்லைகளை வகுத்தன. கண்காணிப்பு என்ற பெயரில் காவலர்கள் நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுவது செல்லாது என்று 1962-இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமையன்று என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. அக்கருத்தை ஒன்பது நீதிபதிகள் அடங்கிய ஆயம் 2017-இல் மாற்றியது. அந்த நாளும் ஆகத்து 24 என்பது வியப்பான ஒற்றுமை!

இத்தனைக்குப் பிறகும் ஐயம் எளிதில் விழுவது அயலூர் முகத்தின்மேலும் அயல்மொழி பேசும் நாவின்மேலுமே. 2025-ஆம் ஆண்டில், மும்பைப் பகுதியில் பணிசெய்த மேற்கு வங்கத் தொழிலாளர் சிலர் வங்காளதேசத்தவர் என்று கருதப்பட்டு எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். இந்தியர் என்பது உறுதியான பின் திரும்ப அழைத்துவரப்பட்டனர். அவர்கள் பேசிய வங்காளியை அங்கும் பேசுகிறார்கள். கொழும்பில் தமிழுக்கு நேர்ந்ததே இங்கு வங்காளிக்கு நேர்ந்தது.

சோதனையே கூடாது என்பது இப்பாடத்தின் கருத்தன்று. வெடிகுண்டுகளையும் கடல்வழித் தாக்குதலையும் கண்ட நகரம் இது. தடுப்பருகே இரவெல்லாம் நிற்கும் காவலரும் தம் கடமையைச் செய்பவரே. கேட்டால் உண்மைப் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். எதற்காகக் கேட்கிறார் என்று பணிவாக வினவுவதில் தவறில்லை. சாட்சி சொல்ல வேண்டியிருந்தாலும், பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் காவல் நிலையத்திற்கு அழைக்கலாகாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். காவலரும் தம்மை இன்னார் என்று காட்டியாக வேண்டும். கைது செய்யும் காவலர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

தடுப்பருகே நிற்கும் அந்த இளைஞன் தன் பெயரையும், தங்கியிருக்கும் அறையின் முகவரியையும், வேலை செய்யும் உணவகத்தின் பெயரையும் சொல்கிறான். சொல்லிக்கொண்டே, விளக்கொளியில் காவலரின் மார்பிலுள்ள பெயர்ப்பட்டையைப் படிக்கிறான்.

சொல்லும் பொருளும்

பிடியாணை – கைது செய்ய நீதிமன்றம் தரும் ஆணை
பிணைமுறி – அழைக்கும்போது வருவதாக எழுதித் தரும் உறுதி
ஆயம் – நீதிபதிகள் குழு
கொப்பரை – அகன்ற பெரிய பாத்திரம்

பயிற்சி

1. வண்டி ஓட்டுபவரிடம் உரிமம் கேட்பதற்கும் நடந்து செல்பவரிடம் அட்டை கேட்பதற்கும் சட்டத்தில் உள்ள வேறுபாடு யாது?

2. விரல் ரேகை தர ஒருமுறை முன்வந்த காந்தியும் தம்பி நாயுடுவும் பின்னர்ச் சான்றிதழ் எரிப்பில் ஈடுபட்டது முரண்பாடா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

3. கிர்காவ் வழக்கில் நீர் அரசுத் தரப்பு வழக்குரைஞராயின் எவ்வாறு வாதிடுவீர்? நடுவர் உம்மிடம் என்ன கேட்பார்? உரையாடலாக எழுதுக.

4. உம் வீட்டில் முதன்முதலாக மும்பைக்கு வந்தவர் இங்குப் பெற்ற முதல் அடையாள ஆவணம் எது? அதைப் பெற எங்கெங்கு அலைந்தார்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக.